சொல்லுக்குக் காத்திராத கஞ்சா

செடிகொடிகளுக்கெல்லாம் வாய் இருந்த காலம் அது. யானைக்கும் எறும்புக்கும் ஒரே பேச்சு, மனிதருக்கும் அதே பேச்சு. பேச்சு பொதுவாக இருந்ததால் உலகம் நிம்மதியாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். வாய் இருந்தும், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னவர்கள் குறைவு. சொன்னாலும் காதில் போட்டுக்கொண்டவர்கள் அதைவிடக் குறைவு. இந்தக் கதையே அப்படிப்பட்டதுதான்.

அந்தக் காலத்தில் கஞ்சாச் செடிகள் எல்லாம் ஒரே குலம். மலைச்சரிவில் ஆள் உயரத்துக்கும் மேலே கிளைவிட்டு நிற்கும். எவ்வளவு உயரம் போனாலும் தானாகப் பூக்கக் கூடாது என்பது அந்தக் குலத்துக் கட்டு. இருட்டுதான் வந்து உத்தரவு கொடுக்க வேண்டும். இருட்டுக்கு அப்போது இருளாயி என்று பெயர். கோடையில் அவளுக்கு நிற்க நேரமிருக்காது, வந்த காலோடு போய்விடுவாள். பகல் சுருங்கும் காலத்தில்தான் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அப்போது ஒவ்வொரு கஞ்சாச் செடியின் காலடியிலும் வந்து நிதானமாக உட்கார்ந்து, "பூத்துக்கோடி" என்பாள். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் செடி மொட்டுக் கட்டும்.

மலையடிவாரத்தில் காமாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருசன் கழுவன், பாறையில் கயிறு கட்டி இறங்கித் தேன் எடுக்கிறவன். ஒருநாள் கயிறு பாறை விளிம்பில் தேய்ந்து அறுந்தது. தேனடையோடு கீழே விழுந்தவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார்கள். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. உயிர் போகவில்லை. போயிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை.

வலி என்றால் இன்ன வலி என்று சொல்ல முடியாது. புரண்டு படுக்க முடியாது, இருமக்கூட முடியாது. ஈ வந்து காலில் உட்கார்ந்தால் அலறுவான். பாறையில் தொங்கிக்கொண்டு தேனீக்களை வம்புக்கு இழுத்துப் பாட்டுப் பாடுகிற ஆள், இப்போது வாயில் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

இந்த வலிக்குக் கஞ்சாப் பூவை அரைத்துக் கொடுத்தால் மறக்கும் என்பது அந்த மலைக்கே தெரிந்த சங்கதி. இலையில் அந்தக் குணம் இல்லை, பூவில்தான். காமாயி ஓட்டமும் நடையுமாக மலையேறிப் போனாள். போய்ப் பார்த்தால் சரிவு முழுக்க யானைகள் இறங்கி மிதித்துத் துவைத்துவிட்டுப் போயிருந்தன. ஒரு பாறை இடுக்கில் மட்டும் விரல் உயரத்துக்கு ஒரு கன்று நடுங்கிக்கொண்டு நின்றது.

"ஆத்தா, நீயும் மிதிச்சிராத" என்றது கன்று.

"மிதிக்க வரலடி. எம்புருசன் நோவுல துடிக்கிறாரு. எனக்கு ஒம்பூவு வேணும். எங்க வீட்டுக்கு வர்றியா?"

"வர்றேன். ஆனா இருளாயி வந்து சொன்னாத்தான் பூப்பேன். அது எங்க குலத்துக் கட்டு, பாத்துக்க."

"இருளாயி எங்க வீட்டுக்கும்தானடி வருவா. வா" என்று வேரோடு மண்ணாகத் தோண்டி எடுத்து முந்தானையில் கட்டிக்கொண்டாள்.

கொண்டுவந்து எங்கே நட்டாள் தெரியுமா? கொல்லையில் எவ்வளவோ இடம் கிடந்தது. கழுவன் கிடந்த அறைச் சன்னலுக்கு நேர் கீழே நட்டாள். அவன் படும் பாட்டை நித்தம் பார்த்தால் செடிக்கும் மனசு இளகும், சீக்கிரம் பூக்கும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். அந்தச் சன்னலில்தான் விளக்கும் இருந்தது.

விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற வீடுகளில் சாப்பிட்டுக் கையைக் கழுவியதும் விளக்கை ஊதி அணைத்துவிடுவார்கள். நோயாளி கிடக்கிற வீட்டில் மட்டும் அணைக்க மாட்டார்கள். எமனுக்கு வெளிச்சத்தில் கண் தெரியாது, விளக்கு அணைந்த வீட்டுக்குள்தான் நுழைவான் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. காமாயி பகலெல்லாம் காட்டில் புங்கங்காய் பொறுக்குவாள், உடைத்துக் காயவைத்து எண்ணெய் ஆட்டுவாள். பொழுது சாய்ந்ததும் திரியை ஏற்றிவிட்டு, விடியும்வரை கண் அசராமல் எண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த மலையடிவாரத்தில் விடிய விடிய எரிந்த ஒரே விளக்கு அதுதான்.

செடி வளர்ந்தது. வளர்ந்தது என்றால் கொஞ்சநஞ்சமாக இல்லை, சன்னலைத் தாண்டிக் கூரையைத் தொட்டது. இலை இலையாகத் தள்ளியது. பூ மட்டும் இல்லை. மழை வந்து போனது, பனி இறங்கியது, தூரத்து மலைகளில் அதன் சொந்தக்காரச் செடிகளெல்லாம் பூத்துக் காய்த்து ஓய்ந்தும் போயின. அங்கே போய்வர இரண்டு மூன்று இரவு ஆகும், அவனையும் விளக்கையும் விட்டுவிட்டுக் காமாயியால் போக முடியாது.

"ஏடி மூதி, ஒனக்கு மனசே இல்லையா?" என்று காமாயி கத்தினாள். "ஒழைக்காம திங்கிற எரும மாதிரி வளந்துக்கிட்டே போற. பூவு எங்கடி?"

"நான் என்ன ஆத்தா செய்யட்டும்? இருளாயி இன்னும் வரலையே. இன்னைக்கு வருவா நாளைக்கு வருவான்னு நானும்தான் பாத்துக்கிட்டு நிக்கிறேன். எனக்கு இங்க ஒரே பகலா இருக்கு."

"ஊருக்கெல்லாம் வர்றவ ஒனக்கு மட்டும் வரலையாக்கும்! பொய் சொல்லாத."

செடி பொய் சொல்லவில்லை. எனக்கு ஒரே பகலாக இருக்கிறது என்று வாய்விட்டுத்தான் சொன்னது. காமாயி காது கொடுத்துக் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே விளங்கியிருக்கும். உள்ளே அவன் முனகிக்கொண்டிருக்கும்போது அவள் எதைத்தான் காதில் வாங்குவாள்?

உள்ளேயிருந்து கழுவன் கூப்பிட்டான். "காமாயி, அத ஏன் வைய்யிற. நல்லா ஒசரமா வளரட்டும். எனக்குப் பாடை கட்டக் கம்பு வேணும்ல."

"வாயக் கழுவுங்க மாமா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

ஒருநாள் பொழுது இறங்குகிற நேரத்தில் கூகை ஒன்று வந்து முகட்டில் உட்கார்ந்தது. கூகை அலறினால் அந்த வீட்டில் சாவு விழும் என்பார்கள். அதிலும் நோயாளி கிடக்கிற வீடு. கூகை கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்து, "காமாயி, இருளாயி சொல்லி அனுப்புனா, அந்த வெளக்…" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், கையில் அகப்பட்ட கல்லை எடுத்து வீசினாள்.

"போ சனியனே! எம்புருசன் உசுரு ஒனக்குக் கேக்குதோ!"

கல் இறக்கையில் பட்டது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு கூகை நொண்டியபடியே பறந்துபோனது. காமாயி உள்ளே போய்த் திரியை இன்னும் கொஞ்சம் தூண்டிவிட்டாள்.

அதன்பிறகு கழுவனுக்கு ரொம்ப முடியாமல் போனது. முதுகெல்லாம் புண்ணாகிவிட்டது. கடித்த துணியெல்லாம் கிழிந்துபோனது. காமாயி பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவாள், தடவ முடியாது, தொட்டால் வலிக்கும். கட்டின புருசனைத் தொட முடியாமல், அவன் கத்துவதைக் கேட்டுக்கொண்டு ஒருத்தி இருப்பது எப்படி இருக்கும் என்று நாம் சொல்லி ஆகப்போவதில்லை.

"அந்த வெளக்க அணைச்சிரு காமாயி" என்றான் ஒருநாள். "கண்ணு கூசுது."

"அணைச்சா அவன் உள்ள வந்துருவான் மாமா."

"வந்தா வரட்டுமே. வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும். என்னால தாங்க முடியலடி."

"நான் உசுரோட இருக்குற வரைக்கும் இந்த வெளக்கு அணையாது."

அவன் அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்தானா, பரிதாபமாகப் பார்த்தானா என்று அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் அவன் கேட்கவும் இல்லை.

எமனுக்கு வெளிச்சத்தில் கண் தெரியாது என்று யார் சொன்னார்களோ, அவர்கள் எமனைப் பார்த்தவர்கள் இல்லை. ஒருநாள் விளக்கேற்றிய கொஞ்ச நேரத்தில், அந்த வெளிச்சத்திலேயே வந்து கழுவனைக் கொண்டுபோனான். சாந்தமாகப் போனான் என்று சொல்லத்தான் ஆசை. அப்படிப் போகவில்லை. கத்திக் கத்தி, காமாயியின் பேரைச் சொல்லிக் கத்தி, பாதிக் கத்தலில் போனான்.

காமாயி அழவில்லை. எழுந்து சன்னலுக்குப் போனாள். "ஒன்னையக் காப்பாத்தி என்னத்தக் கண்டேன்" என்று விளக்கிடம் சொல்லி, ஒரே மூச்சில் அதை ஊதி அணைத்தாள்.

அணைந்ததுதான் தெரியும், வேலியைத் தாண்டிக்கொண்டு யாரோ கொல்லைக்குள் தடதடவென்று வருவது கேட்டது. இருளாயி. எங்கே போனாலும் அடிமேல் அடி வைத்து நடக்கிறவள், அன்றைக்கு மூச்சிரைக்க ஓடி வந்து செடியின் காலடியில் உட்கார்ந்தாள்.

"பூத்துக்கோடி, பூத்துக்கோடி" என்றாள். "எம்மா, எத்தன காலமா வேலிக்கு அந்தப் பக்கம் கால் கடுக்க நிக்கிறேன்."

காமாயி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நின்னியா? நீ நின்னியா இருளாயி?"

"ஒவ்வொரு நாளும் வந்தேன். ஒன் வெளக்கு என்னைய உள்ள விடல. வெளிச்சத்துல எனக்குக் கொரலும் வராது. கூகையச் சொல்லிவிட்டேன். நீதான் கல்லால அடிச்சு வெரட்டிட்ட."

இவ்வளவும் காமாயிக்கு உள்ளே இறங்க நேரம் பிடித்தது. அவன் பட்ட வலியில் பாதிக்குமேல் அவள் எண்ணெய் விட்டு வளர்த்தது. அணைத்துவிடு என்று அவனே கேட்டானே. கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டானே.

செடி அதற்குள் பூத்துவிட்டது. இத்தனை நாள் அடக்கிவைத்ததெல்லாம் ஒன்றாகத் தள்ள, கூரையிலிருந்து அடிவரைக்கும் பூ. வாசனை சன்னல் வழியாக உள்ளே போய்ப் பிணத்தைச் சுற்றியது. காமாயி வெளியே வந்தாள். இரண்டு கையாலும் பூவை உருவினாள். அம்மியில் வைத்து அரைத்தாள், பாலில் கரைத்தாள். கழுவனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது தொட்டால் அவனுக்கு வலிக்காது.

"குடிங்க மாமா. பூத்துருச்சு மாமா. ஒரு வாய் குடிங்க."

ஊற்றியது உள்ளே போகவில்லை. கடைவாய் வழியாக வழிந்து அவள் மடியை நனைத்தது. அவள் மறுபடி ஊற்றினாள். மறுபடியும் வழிந்தது. விடியும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

சன்னலுக்கு வெளியே நின்று இதையெல்லாம் செடி பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கத்தானே அங்கே நட்டார்கள்!

"இருளாயி, ஒன் சொல்லுக்குக் காத்திருந்து நான் என்ன பண்ணி வச்சிருக்கேன் பாத்தியா" என்றது செடி. "எவ்வயித்துல இருக்குற வெதைங்க ஒனக்காகக் காத்திருக்காது. வெளக்கு எரிஞ்சாலும் பூக்கும், எரியாட்டியும் பூக்கும். நீ சொல்லவே வேண்டாம்."

இருளாயிக்கு முகம் கறுத்துவிட்டது. "எஞ்சொல்லக் கேக்காத புள்ளைக்கு என் மடி கெடையாது. எஞ்சொல்லுக்குக் காத்திருந்த நாளுலதான் நீங்க ஒசந்தீங்க. ஒன் புள்ளைங்க முழங்காலுக்கு மேல வளராது. பூவும் ஒரு பிடிதான் தேறும். சீக்கிரமே காஞ்சும் போகும். சம்மதமா?"

"சம்மதம்" என்றது செடி. நேரத்துக்குக் கிடைத்தால் ஒரு பிடி போதும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு பேரும் அன்றோடு பேச்சை முறித்துக்கொண்டார்கள். மற்ற மலைகளில் இருந்த கஞ்சாச் செடிகள் இந்தச் சண்டையில் சேரவில்லை, அவை இன்றைக்கும் பழைய கட்டிலேயே இருக்கின்றன. காமாயி அந்தச் செடியை வெட்டவும் இல்லை, விதையைப் பொறுக்கவும் இல்லை. விதை தானாக விழுந்தது. மறு கோடையில் சன்னலுக்குக் கீழே கும்பலாக முளைத்து, முழங்கால் உயரத்தில், வெயில் கொளுத்துகிற காலத்திலேயே எல்லாம் பூத்து நின்றன.

காமாயி பிரமை பிடித்தவள் மாதிரி அவற்றைப் பார்த்தாள். "யாரு சொல்லிப் பூத்தீங்க?"

"யாரும் சொல்லல ஆத்தா" என்றன அந்தக் குட்டைச் செடிகள், மூச்சு வாங்கிக்கொண்டு. "எங்க ஆத்தா அவசரம்னு மட்டும்தான் சொல்லிவிட்டுச்சு. பறிச்சுக்க, சீக்கிரம். உள்ள இருக்குறவருக்கு எப்படி இருக்கு?"

காமாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் வராததால், கழுவன் போய்விட்ட விசயம் தெரியாமலே, தங்கள் பிள்ளைகளிடமும் அவசரம் என்றே சொல்லிவிட்டு அந்தச் செடிகள் காய்ந்துபோயின.

அந்தக் கோடையிலிருந்துதான் கஞ்சாவில் அந்த ஒரு கிளை மட்டும், வீட்டுக்குள் தொட்டியில் வைத்து விடிய விடிய விளக்கைப் போட்டாலும், இருட்டுக்குக் காத்திராமல் முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடுகிறது, சன்னலுக்கு அந்தப் பக்கம் கழுவன் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு.