தோள் மேல போன கப்பல்

ஒரு ஊர்ல ஒரு கப்பல் இருந்துச்சாம். ஊர்லன்னா ஊருக்குள்ள இல்லடி, கடல்ல. கிரேக்க தேசத்துக் கடல்ல. அது பேரு ஆர்கோ. கொஞ்சம் தள்ளிப் படு, அத்தைக்கு ஒரு காலு கட்டிலுக்கு வெளிய தொங்குது. ஆங், அப்படி. நீ பாட்டுக்கு ம் கொட்டிக்கிட்டே இரு. ம் நின்னா கதையும் நின்னுடும், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.

"ம்."

அந்தக் கப்பல்ல அம்பது வீரனுங்க. லேசுப்பட்டவனுங்க இல்ல. ஒருத்தன் சிங்கத்தோட வாயைப் பிடிச்சுக் கிழிச்சவன். ஒருத்தன் தண்ணி மேல ஓடுவான், உள்ளங்கால் மட்டும்தான் நனையும். ஒருத்தன் பாடினா மீனுங்க எல்லாம் துள்ளித் துள்ளிப் பின்னாடியே வரும். இவனுங்களுக்குத் தலைவன் ஜேசன். ஏதோ தூர தேசத்துல ஒரு மரத்துல தங்க முடி வெச்ச ஆட்டுத்தோல் ஒண்ணு தொங்குதாம். அதைக் கொண்டாந்து குடு, ராஜ்யத்தைத் தர்றேன்னு அவன் சித்தப்பன் சொல்லிட்டான். கிளம்பிட்டானுங்க.

அப்புறம் போற வழியில ரெண்டு பாறை. நடுவுல எது போனாலும் படார்னு மோதி நசுக்கிடும். தாண்டினாங்க. அப்புறம் புஸ்ஸு புஸ்ஸுன்னு நெருப்பு விடுற மாடு. அடக்கினாங்க. அப்புறம் தூங்கவே தூங்காத ஒரு பாம்பு, உன்னை மாதிரி. அதையும் தூங்க வெச்சுத் தோலை எடுத்துட்டாங்க. அதெல்லாம் போற கதை. போற கதையை யாரு வேணா சொல்லுவாங்க. நான் சொல்றது திரும்பி வர்ற கதை.

"ம்."

கப்பல்ல பலகைக்கு ரெண்டு பேரா உக்காந்துதான் துடுப்புப் போடணும். சீட்டுக் குலுக்கிப் போட்டு யாரு கூட யாருன்னு முதல் நாளே முடிவு பண்ணிட்டாங்க. அப்புறம் மாத்தவே கூடாது. ஒரு பலகையில லைகோன்னு ஒருத்தன், பனை மரம் மாதிரி நெட்டை. அவன் பக்கத்துல திமாஸ். குட்டையன். லைகோன் நின்னா அவன் அக்குளுக்குத்தான் வருவான். இவங்க ரெண்டு பேரும் சிங்கத்தையும் கிழிக்கல, பாட்டும் பாடல. சர்ரக்கு சர்ரக்குன்னு துடுப்புப் போட்டாங்க, அவ்வளவுதான். பேசிக்கவும் மாட்டாங்க. ஒருத்தன் மூச்சு இன்னொருத்தனுக்குத் தெரியும்.

அப்புறம் அந்தக் கப்பல்ல ஒரு வழக்கம். 'முடியல'ன்னு யாரும் சொல்லக் கூடாது. காய்ச்சல் வந்தா சொல்லலாம், பசிக்குதுன்னு சொல்லலாம், முடியலன்னு மட்டும் வாயில வரக் கூடாது. வந்துட்டா அவன் வீரன் இல்ல. யாரு போட்ட சட்டமோ, எந்த மகராசனோ.

"ம்."

திரும்பி வர்றப்போ அடிச்சுது பாரு ஒரு புயல். ஊஊஊன்னு ராத்திரி பகலா அடிச்சு, ஒரே தள்ளாத் தள்ளிக் கப்பலைக் கொண்டு போய் மணல்ல ஏத்திடுச்சு. அலை பின்னாடி போச்சு, போச்சு, போயே போச்சு. இனிமே திரும்பாது. சுத்தி எங்க பாத்தாலும் பாலைவனம். ஒரு புல்லு இல்ல. அவங்கவங்க போர்வையைத் தலையோட இழுத்துப் போத்திக்கிட்டு, தனித்தனியாப் போய்ப் படுத்துக்கிட்டாங்க. சாகுறதுக்கு. அப்பவும் ஒருத்தனும் முடியலன்னு சொல்லலை பாத்துக்கோ.

அப்போ அந்தக் கப்பல் பேசுச்சு. அதோட மூக்குல ஒரு பேசுற கட்டை உண்டு, எப்பவாவதுதான் வாயைத் திறக்கும். "எந்திரிங்கடா. இத்தனை நாள் நான் உங்களைத் தூக்கினேன். இப்போ நீங்க என்னைத் தூக்குங்க. அந்தப் பக்கம் தண்ணி இருக்கு"ன்னுச்சு. எவ்வளவு தூரம்னு கேட்டாங்க. அதுக்கு மேல அது பேசலை.

சரின்னு துடுப்பை எல்லாம் கப்பலுக்கு அடியில குறுக்காலக் குடுத்து, ரெண்டு பக்கமும் நின்னு, ஏலேலோ ஏய்ன்னு தூக்கித் தோள்ல வெச்சுட்டாங்க. ஒரு பலகையில உக்காந்தவங்க ஒரே துடுப்புக்குக் கீழ, ஒட்டி ஒட்டி. லைகோன் தோள்ல துடுப்பு உக்காந்துச்சு. திமாஸ் தோளுக்கும் துடுப்புக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி. எக்கிப் பாத்தான். விரல் நுனிதான் பட்டுச்சு. ரெண்டு பேரு பாரமும் ஒருத்தன் மேல.

திமாஸ் கத்தினான், "எனக்கு எட்டலை, ஆளை மாத்தி விடுங்க!"

"பலகை மாத்துற வழக்கம் இல்ல, நட!"ன்னுட்டான் ஜேசன்.

நடந்தாங்க. சரக் சரக் சரக். ராத்திரியும் நடந்தாங்க, மறுநாளும் நடந்தாங்க. வெயிலு மண்டையைப் பொளக்குது. கப்பல் கிறீச் கிறீச்னு முனகுது. நிறுத்தலாம்னு எல்லாருக்கும் ஆசை. யாராவது ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டானான்னு நாப்பத்தொம்பது பேரு காத்துக்கிட்டு இருக்கான். ஆனா முதல்ல சொல்றவன் மானம் போயிடுமே! அதனால எவனும் சொல்லலை. ஆம்பளைங்களும் அவங்க மானமும்! செத்தாலும் சாவானுங்க.

"ம்... அத்தே, லைகோன்?"

அங்கதான் வர்றேன். லைகோன் மூச்சு மாறிப் போச்சு. ஹுக்கு ஹுக்குன்னு இழுக்குது. பக்கத்துல நடக்குற திமாஸுக்குக் கேக்குது. இன்னும் பத்தடி போனா விழுந்துடுவான், விழுந்தா கப்பல் அவன் மேலதான் சாயும். லைகோன் சொல்வானா? சொல்ல மாட்டான். அப்போ திமாஸ் என்ன பண்ணினான் தெரியுமா? வாயைத் திறந்து, "ஐயோ, என்னால முடியல!"ன்னு கத்தினான்.

டமால்னு இறக்கி வெச்சாங்க. ஒரே சிரிப்பு. "நீ என்னத்தடா தூக்கினே? காத்தையா?" சிங்கத்து வாயைக் கிழிச்சவன் காறித் துப்பினான். ஆனா ஒருத்தனும் உடனே எந்திரிக்கலை. நல்லாக் கால் நீட்டி உக்காந்துக்கிட்டுத்தான் திட்டினாங்க. லைகோன் தோள்ல தோல் உரிஞ்சு ரத்தம். அவன் திமாஸை ஒரு பார்வை பாத்தான்.

அப்புறம் மறுபடி தூக்கினாங்க. மறுபடி அந்த மூச்சு. ஹுக்கு ஹுக்கு. மறுபடியும் திமாஸ், "என்னால முடியல!" இந்தத் தடவை யாரும் சிரிக்கலை. தோல்பையில தண்ணி அடியில போயிடுச்சு. நின்ன நேரமெல்லாம் தண்ணிதானே குறையுது. ஜேசன் அவன் முன்னாடி வந்து நின்னு, "இன்னொரு தரம் அந்த வார்த்தை வந்துச்சு, உன்னை இங்கயே விட்டுட்டுப் போயிடுவோம்"னு சொன்னான். கோவமாக் கூடச் சொல்லலை, அலுத்துப் போய்ச் சொன்னான். அப்படிச் சொன்னா செஞ்சுடுவான்.

"ம்..."

மூணாவது தரம் தூக்கினாங்க. நடந்தாங்க. அப்புறம் ரொம்ப நேரம் சரக் சரக் மட்டும்தான். அப்புறம் அந்த மூச்சு வந்துச்சு. இப்போ ஹுக்கு கூட இல்ல, விசில் மாதிரி கீச்சுன்னு. திமாஸ் மெதுவாக் கேட்டான், "சொல்லட்டுமா?"

"சொல்லாதே. விட்டுட்டுப் போயிடுவாங்க."

"நீ விழுந்துடுவே."

"சொல்லாதேடா."

திமாஸ் அழுதுட்டான் பாவம். சொன்னா இவன் போயிடுவான், சொல்லாட்டி அவன் போயிடுவான். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, சரி ஆனது ஆகட்டும்னு வாயைத் திறந்தான். அதுக்குள்ள சத்தம் வந்துடுச்சு.

"முடியல."

சொன்னது லைகோன்.

எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க. "யாரு சொன்னது?"ன்னான் ஜேசன். "நான்தான். ரெண்டு தரமும் எனக்காகத்தான் அவன் சொன்னான். அவன் மேல பாரமே இல்ல. விடுறதா இருந்தா என்னை விட்டுட்டுப் போங்க"ன்னான் லைகோன்.

கப்பல் மட்டும் கிறீச்னுச்சு. அப்புறம் முன்னாடியிலேருந்து ஒரு குரல், "எனக்கும் முடியல. நேத்தே முடியல." யாருன்னு பாத்தா, சிங்கத்து வாயைக் கிழிச்சவன்! அப்புறம் தண்ணி மேல ஓடினவன், "எனக்கும்தான்." அப்புறம் பாட்டுக்காரன். அப்புறம் ஒவ்வொருத்தனா, முடியல, முடியல, என்னாலயும் முடியலப்பா. பாலைவனம் பூரா அதே சத்தம். கப்பலை மெத்துனு இறக்கி வெச்சுட்டு, அவ்வளவு பெரிய வீரனுங்க எல்லாம் மணல்ல உக்காந்து தேம்பித் தேம்பி அழுதானுங்க. கடைசியா ஜேசன் உக்காந்தான். "எனக்குக் கிளம்பின அன்னிக்கே முடியல. வீட்டுக்குப் போகணும் எனக்கு"ன்னான்.

அழுது முடிச்சுட்டுக் கப்பல் நிழல்ல எல்லாரும் படுத்தாங்க. தனித்தனியா இல்ல, ஒருத்தன் வயித்துல ஒருத்தன் தலையை வெச்சு. கொர்ர்ர் கொர்ர்ர்னு ஒரே குறட்டை. திமாஸ் மட்டும் தூங்கலை. அவன்தான் ஒண்ணும் தூக்கலையே. சும்மா முட்டியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தான்.

"..."

ம் எங்கடி? சரி, விடு.

பொழுது சாயுற நேரம். நடக்குற சத்தமும் இல்ல, கப்பல் முனகுற சத்தமும் இல்ல. அப்போ தூரத்துல என்னமோ கேட்டுச்சு அவனுக்கு. க்ரோக்... க்ரோக்... தவளை! தவளை இருந்தா தண்ணி இருக்கும். இதோ, அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம்தான். துள்ளி எந்திரிச்சான். எல்லாரையும் எழுப்பிக் கத்தணும்னு வாயைத் திறந்தான். அப்புறம் லைகோனைப் பாத்தான். வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குறான், பச்சைப் புள்ள மாதிரி. எத்தனை நாள் ஆச்சு அவன் தூங்கி.

திமாஸ் வாயை மூடிக்கிட்டான். தண்ணி எங்க ஓடிப் போகப் போகுதுன்னு நினைச்சான். தோல்பையை எடுத்துக்கிட்டு மேடு ஏறி இறங்கி, நிறைய மொண்டு வந்தான். லைகோன் தலையை மடியில வெச்சு, உதட்டுல சொட்டுச் சொட்டா விட்டான். மடக் மடக்னு அவன் தூக்கத்துலயே முழுங்கினான்.

கண்ணைத் திறக்காமலே கேட்டான், "கப்பலை இறக்கி வெச்சாச்சா?"

"வெச்சாச்சு. தூங்கு."

நானும் இறக்கி வெச்சுட்டேன்டி கதையை. தூங்கு.