நடுவில் போட்ட கோடு

கத்தி பிடித்துப் பழகிய கை மவுஸைப் பிடிக்கத் திணறியது. ஆனாலும் அறுவை மருத்துவர் நல்லசிவம் விடவில்லை. ஐம்பதைத் தாண்டிய வயதில், தன்னைவிட இளையவரான மரபணு ஆய்வாளர் மெஹருன்னிசாவிடம் மாணவராக வந்து சேர்ந்திருந்தார். ஊரில் சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அவர் கற்றது இதுதான். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க் கட்டிக்குள் உடம்பின் காவல் செல்கள் நுழைந்திருக்கும். அவற்றில் எந்தெந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று பார்த்தால், நோயாளி எப்படித் தேறுவார் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆபத்து மதிப்பெண் வரும். எல்லோரையும் வரிசைப்படுத்தி நல்லசிவம் நட்டநடுவில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு ஆபத்து, கீழே இருப்பவர்கள் தேறுவார்கள்.

அன்று காலை செங்கோடனின் பெயர் கோட்டுக்கு ஒட்டினாற்போல் மேலே வந்து நின்றது.

செங்கோடன் பவானிப் பக்கம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். அவருக்கு அறுவை செய்தது நல்லசிவமேதான். இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஆள் துவண்டுபோகிறார். பிரயோஜனம் இல்லையென்றால் மிச்சத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டு, மனைவியோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நல்லசிவம் எழுந்து மெஹருன்னிசாவின் அறைக்குள் போனார்.

“இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது மேடம்?”

மெஹருன்னிசா திரையைப் பார்த்தார். வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த, நோய் முற்றாதவர்களின் பெயர்களை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி கோடு போடச் சொன்னார்.

நல்லசிவம் போட்டார். அவர்கள் எல்லாம் மதிப்பெண் குறைந்தவர்கள். அவர்கள் போனதும் கோடு மேலே ஏறியது. செங்கோடன் கீழே வந்துவிட்டார்.

நல்லசிவத்தின் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல சேதி சொல்லப்போகிற அவசரத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“உக்காருங்க டாக்டர். எடுத்தவங்களைத் திரும்பச் சேருங்க.”

சேர்த்தார். செங்கோடன் மறுபடி ஆபத்தில் நின்றார். நல்லசிவம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, இந்தக் கோட்டை நம்பித்தானே வெளியே போகப் பார்த்தோம் என்று.

“இந்தப் பட்டியல்ல இருக்கிற எல்லாருமே பொழைச்சு எழுந்து வந்தாலும், உங்க கோடு எத்தனை பேரை மேல தள்ளும்?” என்று கேட்டார் மெஹருன்னிசா.

நல்லசிவம் யோசித்தார். “பாதிப் பேரை.”

“ஸ்கேன் என்ன சொல்லுது?”

“கட்டி திரும்ப வந்த மாதிரி தெரியலை.”

“கோட்டுக்கு எந்தப் பக்கம்னு செங்கோடன் உங்களைக் கேட்டாரா?”

“இல்லை. மிச்ச மருந்தை ஏத்திக்கலாமான்னுதான் கேட்டார்.”

“நேத்து வரைக்கும் என்ன சொல்லிட்டிருந்தீங்க?”

“கஷ்டந்தான், ஆனா ஏத்திக்குங்க, கூட இருக்கேன்னு.”

மெஹருன்னிசா எழுந்துபோய்க் கதவைக் கொஞ்சம் திறந்தார். வெளியே செங்கோடன், மனைவி உரித்துக் கொடுத்த ஆரஞ்சுச் சுளையை மெதுவாக மென்றுகொண்டிருந்தார். நல்லசிவத்தைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

“என்னங்க டாக்டர், விட்டுரலாமுங்களா?”

நல்லசிவம் வாசலிலேயே நின்று மெஹருன்னிசாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் தணிந்த குரலில் சொன்னார்:

“காலையிலேருந்து அவரு அதே பெஞ்சுலதான் உக்காந்திருக்காரு டாக்டர். நகந்ததெல்லாம் உங்க கோடு. போய்ப் பக்கத்துல உக்காருங்க.”