எட்டாம் நம்பர் குண்டு

“மேடம், இதுல மட்டும் கையெழுத்துப் போட்டுடாதீங்க.”

மேஜை மேல் கிடந்தது மரியசூசையின் மாற்றல் கடிதம். நான்கே வரி. ஆய்வகத்தில் பத்தொன்பது வருஷமாக இயந்திரம் ஓட்டுபவர். வேறு துறைக்கு அனுப்பிவிடும்படி கேட்டிருந்தார்.

பேராசிரியை நிலோஃபர் கடிதத்தைப் பார்க்கவில்லை. தணிகாசலத்தைப் பார்த்தார்.

தணிகாசலத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. தொழிற்சாலையில் வெட்டுக்கருவிகளோடு பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். வழிகாட்டியான நிலோஃபர் அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். இவர் ‘மேடம்’ என்பார். அவர் ‘சார்’ என்பார்.

“பூச்சு போடுற மிஷினை ஓட்டத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். அவன் போயிட்டா எல்லாம் நின்னுடும். ரெண்டு மாசத்துல நான் ஆய்வேட்டைக் குடுக்கணும்.”

“ஏன் போறாராம்?”

“தெரியலை மேடம். எங்கிட்ட ஒரு ஆளும் நிக்க மாட்டேங்கிறான். இவன் மூணாவது.”

“வெள்ளி கலந்தது என்ன ஆச்சு?”

டிரில் முனைகளில் பொன்னிறமாகப் பூசுவார்களே, டைட்டானியம் நைட்ரைடு, அதில் கொஞ்சம் வெள்ளியைச் சேர்த்தால் உராய்வும் தேய்மானமும் என்ன ஆகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. அவ்வளவு கடினமான பொருளில் போய் மெத்தென்ற வெள்ளியைக் கலப்பதில் தணிகாசலத்துக்கு முதலிலிருந்தே மனமில்லை.

பூச்சுப் போட்ட மூன்று இரும்பு வில்லைகளை எடுத்து வைத்தார். வில்லையைச் சுழலவிட்டு, மேலே ஒரு பேரிங் குண்டை அழுத்தித் தேய்ப்பது சோதனை.

“இது இருபது சதவீதம் வெள்ளி. பூச்சே போயிடுச்சு, அடியில இரும்பு தெரியுது. இது ஏழு. உராய்வு பாதியாக் குறைஞ்சுது, ஒத்துக்கிறேன். ஆனா லேசாத் தடம் விழுந்திருக்கு. இது வெள்ளியே இல்லாதது. பாருங்க, கீறல்கூட இல்லை. இதுதான் மேடம் ஜெயிச்சுது.”

“யாரை?”

“புரியலை மேடம்.”

“குண்டு எங்கே சார்?”

“குண்டா? அதை யார் வெச்சிருப்பா? தேய்ச்சு முடிச்சா குப்பைதான்.”

“பார்த்துட்டு வாங்க.”

குப்பைத்தொட்டி காலையிலேயே காலியாகியிருந்தது. அதன் முன்னால் நின்றபோதுதான் அவருக்கு அது நினைவு வந்தது.

போன வாரம் மரியசூசை ஒரு குண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். பத்துப் பேர் எதிரில் இவர் கத்தினார்: “நேரத்தைப் பாரு! எதுக்குய்யா இதையெல்லாம் பொறுக்கி வைக்கிறே? வீட்டுக்குப் போய்க் கோலி விளையாடவா?”

எல்லோரும் சிரித்தார்கள். மரியசூசையும் கொஞ்சம் சிரித்தார்.

கடிதத்தின் தேதி அதற்கு மறுநாள்.

மரியசூசையின் அலமாரி பூட்டியிருக்கவில்லை. மேல்தட்டில் ஓர் ஊறுகாய் பாட்டில். உள்ளே ஒவ்வொரு குண்டும் ஒரு காகிதத் துண்டுக்குள் இருந்தது. காகிதத்தின் மேல் நம்பர், தேதி, எந்த வில்லை.

எட்டாம் நம்பரில் அவர் கத்திய நாளின் தேதி. வெள்ளி இல்லாத வில்லை.

பிரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். குண்டின் ஒரு பக்கம் சீவியெடுத்தாற்போல் தட்டையாகியிருந்தது. அதன் மேல் உழுத கோடுகள்.

பதினொன்றாம் நம்பர், ஏழு சதவீதம். உருண்டையாகவே இருந்தது. தொட்ட இடத்தில் வெண்மையாய் ஒரு மெல்லிய தீற்றல். வில்லையிலிருந்த வெள்ளி இந்தப் பக்கம் வந்திருந்தது.

மறுபடி எட்டாம் நம்பரை வைத்தார். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது கடிதத்தில் கையெழுத்து விழுந்திருந்தது.

“போட்டுட்டீங்களா மேடம்?”

“போட்டுட்டேன். நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க.”

மரியசூசை கேன்டீனுக்குப் பின்னால் பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் எழப் போனார்.

“உக்காருங்க, உக்காருங்க.”

மரியசூசை நிமிர்ந்து பார்த்தார். அந்த மரியாதை அவருக்குப் புதிது.

தணிகாசலம் கடிதத்தைப் பெஞ்சில் வைத்தார். பக்கத்தில் குண்டை வைத்தார். அது உருளவில்லை.

“இது ஓடும்போது ரொம்பச் சத்தம் போட்டுச்சா?”

“எட்டாம் நம்பர்தானே? அன்னிக்கு நீங்க போட்ட சத்தத்துல எனக்கு அது கேக்கலை சார்.”

தணிகாசலம் சிரிக்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

மரியசூசை டிபன் பாக்ஸை மூடிவிட்டுப் போய்க் கை கழுவி வந்தார். கடிதத்தை எடுத்து முழுதும் படித்தார்.

“குண்டைச் சுத்தியிருந்த பேப்பர் எங்க சார்?”

தணிகாசலம் சட்டைப்பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார்.

மரியசூசை கடிதத்தில் நிலோஃபரின் கையெழுத்து இருந்த பகுதியைக் கிழித்தார். குண்டை அதற்குள் வைத்துச் சுற்றினார்.

“பேனா குடுங்க சார்.”