செருப்புக்குக் காவல்

“அம்மா, முப்பத்திரண்டு பக்கம் எழுதிட்டேன்! இன்னைக்கு ஊரையே கிளப்பிடறேன் பாருங்க!”

அம்பலவாணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. காலேஜில் முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற மனுஷன். மடத்துக்குச் சீடராக வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. குரு வேலம்மை அவரைவிடப் பதினெட்டு வயசு சின்னவர்.

வேலம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“யாருகிட்டப் பேசப் போறீங்க, வாத்தியாரே?”

“ஊர்கிட்டதான்.”

“ஊருன்னா?”

“ஊருன்னா... ஊர்தாம்மா. ஜனங்க.”

“சரி.”

விஷயம் லேசுப்பட்டதில்லை. கண்மாய் ததும்பி நிற்கிறது. தெற்கு மடைக்குப் பக்கத்தில் கரை விரிசல் விட்டுக் கசிய ஆரம்பித்து எட்டு நாள் ஆச்சு. நாளைக்குப் பெரிய மழை என்று டி.வி.யில் சொல்லிவிட்டார்கள். இன்று பொழுது சாய்வதற்குள் நூறு பேர் இறங்கி மண்மூட்டை அடுக்கினால் ஊர் பிழைக்கும். இல்லாவிட்டால் கீழத்தெரு மொத்தமும் தண்ணீருக்குள்.

போன வாரம் ஊர்த் தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். நன்றாகக் கை தட்டினார்கள். மண்வெட்டியோடு ஒரு ஆள் வரவில்லை. அடுத்தவன் முதலில் போகட்டுமே என்று ஆளாளுக்கு இருந்துவிட்டார்கள்.

இன்று நாலு மணிக்கு மடத்துக் கூடத்தில் மறுபடி கூட்டம். பேசப் போவது அம்பலவாணன்.

“ராஜா காலத்து ஏரியில ஆரம்பிக்கிறேம்மா. நடுவுல புள்ளிவிவரம். கடைசியில அழ வெச்சிடுவேன்!”

“வெயுங்க. அதுக்கு முன்னாடி, ஜனங்க வர்றப்ப வாசல்ல செருப்புக்குக் காவல் இருங்க.”

அவர் முகம் சுருங்கிப் போச்சு.

“நானா? பேசப் போறவன் நானாச்சேம்மா!”

“அதான்,” என்றார் வேலம்மை.

*

மூன்றரைக்கே ஜனம் வர ஆரம்பித்துவிட்டது. அம்பலவாணன் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மனசுக்குள் ஒரே புகைச்சல். எத்தனை மேடை பார்த்தவன், என்னைப் போய்!

சிமெண்ட் காய்ந்து வெள்ளை பூத்த ரப்பர் செருப்பு ஒன்று வந்தது. பின்னாலேயே அதே மாதிரி நாலு.

அட, கொத்தனாருங்க. வேலையைப் பாதியில் விட்டுட்டு வந்திருக்காங்க. இவங்களுக்கா புள்ளிவிவரம்?

பத்துப் பக்கத்தை உருவி மடியில் வைத்தார்.

பெண்கள் வந்தார்கள். கழற்றிய செருப்பைத் தெருப் பக்கமாகத் திருப்பி விட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஒருத்தி, இரண்டு பேர், பதினைந்து பேர்! ஓகோ, பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பிள்ளைகள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். பத்து நிமிஷத்துக்கு மேல் ஒருத்தியும் உட்கார மாட்டாள்.

ராஜா காலம் முழுசும் மடிக்குப் போயிற்று.

அவருக்கு இப்போது சுவாரஸ்யம் தாங்கவில்லை. முட்டி போட்டு, ஒவ்வொரு ஜோடியாகக் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். வாரில் ஊக்கு மாட்டினது, ஒரு பக்கமே தேய்ந்து சாய்ந்தது, கட்டை விரல் பதிந்து குழி விழுந்தது. முப்பது வருஷம் எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தரையாவது இப்படிப் பார்த்திருப்பாரா!

“யோவ், பாத்து வையும். மேல கால வெச்சிராதீக,” என்று ஒரு குரல்.

நடுத்தர வயசுக்காரி. இருளாயி என்று பின்னால் தெரிந்தது. செருப்பை உதறிக் கழற்றினாள்.

“இன்னைக்குப் பேசப் போறது யாரு?”

“யாரோ... புரபசராம்,” என்றார் அம்பலவாணன். சொல்லிவிட்டு அவருக்கே வெட்கமாகப் போச்சு.

“நல்லாப் பேசுவாகளா?”

“பேசுவாருன்னுதான் சொல்லிக்கிறாங்க.”

“பேசட்டும், பேசட்டும். நம்ம காதுக்கு என்ன குறைச்சல்!” சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அவள் விட்டுப் போன செருப்பைப் பார்த்தார். கறுப்பாக, பிசுபிசுவென்று ஈரச் சேறு.

பக்கத்து ஜோடியிலும் அதே சேறு. கொத்தனார்கள் செருப்பில், சிமெண்ட்டுக்குக் கீழே, அடியில் அதே சேறு. புரட்டினார். எல்லாவற்றையும் புரட்டினார்.

“அம்மா! அம்மா, இங்க ஓடி வாங்களேன்!”

வேலம்மை நிதானமாக வந்தார்.

“இது கண்மாய்ச் சேறும்மா! மேலத்தெரு, கீழத்தெரு, அத்தனை பேரும் கரைக்குப் போய்ப் பாத்துட்டுத்தான் வந்திருக்காங்க. விரிசல் இருக்குன்னு நான் சொல்லவே வேணாம். பயமுறுத்தவும் வேணாம். அவங்களுக்கு எல்லாம் தெரியும்மா! எல்லாச் செருப்புலயும் சேறு!”

“எல்லாச் செருப்புலயுமா?”

“ஒண்ணு விடாம!”

வேலம்மை சுவரோரமாகப் பார்த்தார்.

அம்பலவாணனும் பார்த்தார். அங்கே ஒரு ஜோடி பழுப்புத் தோல் செருப்பு ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. பொட்டுச் சேறு இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

அது யாருடையது என்று அவர் கேட்கவில்லை. காலையில் அவரே கழற்றி வைத்ததுதான்.

*

கூடத்தில் நூற்றிருபது பேராவது இருப்பார்கள். அம்பலவாணன் வெறுங்கையோடு மைக் முன்னால் வந்து நின்றார்.

“அட, செருப்புக்காரரு!” என்றாள் இருளாயி. கூடமே சிரித்தது.

அவரும் சிரித்தார்.

“நான் இன்னும் கரையைப் பாக்கலைங்க,” என்றார். “விரிசல் எந்த இடத்துலன்னுகூட எனக்குத் தெரியாது. யாராவது கூட்டிட்டுப் போங்க. இப்பவே.”

முன்வரிசையில் ஒருத்தர் இன்னொருத்தர் முகத்தைப் பார்த்தார்.

இருளாயி எழுந்து சேலையை இடுப்பில் செருகினாள்.

“மண்வெட்டி இருக்கா உங்ககிட்ட?”

“இல்லைங்க.”

“எங்க வீட்டுல ரெண்டு இருக்கு. வாங்க.”

அதற்குப் பிறகு வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. யார் செருப்பு யார் காலில் போனது என்று யாரும் பார்க்கவில்லை.