தானாய் நின்ற கோடுகள்

"என்னால ஆகலை ரெஜினா. நாளைக்கு அவங்க வந்ததும் முடியலைன்னு கையை விரிச்சிடப் போறேன்."

பேராசிரியர் குணவதி இதைச் சொன்னது தூசி புகாத அறையின் வாசலில், தலையுறையைக் கழற்றிக்கொண்டே. உறையின் விளிம்பு நெற்றியில் சிவப்பாகப் பதிந்திருந்தது. வயது ஐம்பத்திரண்டு. அதில் ஆறு வருடத்தை ஒரே ஒரு காரியம் தின்றிருந்தது.

ரெஜினாவுக்கு முப்பத்து நான்கு. எலக்ட்ரான் கற்றையால் சிலிக்கான் தகட்டில் குறி வரையும் இயந்திரத்தை ஓட்டுபவள். பெரிய பட்டம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் பெரிய படிப்புப் படித்தவர்கள் வழி தெரியாமல் முழிக்கும்போது அவளிடம்தான் வந்து நிற்பார்கள். குருவுக்குத் தாடி வேண்டும் என்று யார் சொன்னது?

காரியம் இதுதான். இரண்டு வகை மூலக்கூறுகள். ஒன்றுக்கொன்று ஆகாது. ஆனால் வாலோடு வால் கட்டியிருப்பதால் விலகி ஓடவும் வழியில்லை. தகட்டில் பூசிச் சூடு காட்டினால், வேறு கதியின்றி, ஒன்று மாற்றி ஒன்றாகத் தாமே வரிசை கட்டும். மயிரிழையை மூவாயிரமாகப் பிளந்தால் வருகிற அகலம். அந்த வரிசையே மின்சுற்றின் கோடாகிவிடும். ஒவ்வொன்றாக வரைகிற செலவு மிச்சம். இடையிடையே சில குறிகளை மட்டும் நாம் போட்டுக் கொடுத்தால், வளையாமல் நேராகப் போகும்.

போகவில்லை. அதுதான் ஆறு வருடத் துக்கம்.

நாளை காலை பத்து மணிக்கு, ஆய்வுக்குப் பணம் தருகிற குழு வருகிறது. பழுதில்லாத ஒரு தகட்டைக் காட்டினால் ஆய்வகம் தொடரும். இல்லையென்றால் மூடிவிடுவார்கள். குணவதியை நம்பி வந்த நான்கு ஆய்வு மாணவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். தகடு ஒன்றுதான் மீதி இருந்தது.

"இன்னும் கொஞ்சம் குறி சேர்த்துப் பார்க்கலாமா?" என்றார் குணவதி.

"சேர்க்கலாம் மேடம். போன தடவையே மிஷின் பதினோரு மணி நேரம் ஓடுச்சு. இன்னும் கொஞ்சம் சேர்த்தா எல்லாக் கோட்டையும் நாமளே போட்டுடலாம். அந்த மூலக்கூறுங்களுக்கு லீவு குடுத்துடலாம்."

குணவதிக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

"கிண்டல் பண்ணாதே. என்ன செய்யணும், அதைச் சொல்லு."

ரெஜினா கணினியில் வரைபடத்தைத் திறந்தாள். எறும்பு மொய்த்தது போலத் திரை முழுக்கக் குறிகள். ஒன்றைத் தொட்டாள்.

"இது எதுக்கு?"

"முதல் வருஷம். அந்த இடத்துல கோடு வளைஞ்சுது."

"பக்கத்துல இது?"

"அதைப் போட்டதும் இந்தப் பக்கம் வளைஞ்சுது. அதுக்காக."

"இது?"

"இதுக்காக."

"இது?"

குணவதி குனிந்து திரையை உற்றுப் பார்த்தார்.

ரெஜினா விடவில்லை. "ஆரம்பத்துல எத்தனை இருந்துச்சு?"

"எட்டு கோட்டுக்கு ஒண்ணு."

"அப்ப ஏன் வளைஞ்சுது?"

"அப்ப இருந்த அடுப்புல சூடு ஒரு நிலையா நிக்காது."

"அந்த அடுப்பு எங்கே?"

"அதைத் தூக்கிப் போட்டு அஞ்சு வருஷம் ஆச்சே..."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அழிங்க மேடம்."

"நீயே அழியேன்."

"நீங்க போட்டது."

அழித்தார். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மாதத்தின் கவலை. பல் பிடுங்குகிற மாதிரி வலித்தது. கடைசியில் எட்டுக்கு ஒன்று என்ற பழைய குறிகள் மட்டும் மிஞ்சின. கூடவே, வலது மூலையில் இன்னொன்றும். அது எதற்கு என்று அவருக்கே நினைவில்லை. ஆனாலும் அழிக்க மனம் வரவில்லை. ஒன்றே ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ரெஜினா அதைப் பார்த்தாளா என்று தெரியாது. பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

இயந்திரம் முக்கால் மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டது. மூலக்கூறுக் கலவையைப் பூசித் தகட்டை அடுப்பில் வைத்தார்கள். இரண்டு மணி நேரம் ஆகும். குணவதிக்குச் செய்ய ஒன்றுமில்லை. இப்படிச் சும்மா உட்கார்ந்து வருடக்கணக்காகிவிட்டது. கை எதையாவது தேடிக்கொண்டே இருந்தது. ரெஜினா வெளியே போய் நிதானமாக டீ குடித்துவிட்டு வந்தாள்.

மாலை நாலரைக்கு நுண்ணோக்கியின் திரையில் படம் வந்தது.

கோடுகள். வாரிவிட்ட தலை போல, ஒன்றையொன்று தொடாமல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நேராக. தகட்டை நகர்த்திப் பார்த்தார்கள். அங்கேயும் அப்படியே இருந்தன. குணவதி மூச்சு விடவும் பயந்தார்.

வலது மூலைக்கு வந்தார்கள்.

அங்கே கோடுகள் தடுமாறி, ஒன்றோடொன்று இடித்துச் சுருண்டு கிடந்தன. நடுவில் அந்த ஒற்றைக் குறி.

குணவதி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"கெடுத்துட்டேன் ரெஜினா. பழுதில்லாம ஒண்ணுதானே கேட்டாங்க. வேற தகடும் இல்லையே."

"அந்த மூலையில போட்டது யாரு?"

"நான்தான். வேற யாரு?"

"குறிக்கும் குறிக்கும் நடுவுல இத்தனை கோடு நிக்குதே. அதெல்லாம் போட்டது?"

குணவதி கையை விலக்கித் திரையைப் பார்த்தார்.

"யாருமில்லை."

ரெஜினா எழுந்தாள்.

"நாளைக்கு அந்த மூலையை முதல்ல காட்டுங்க மேடம். தேவையில்லாத ஒரு குறி என்ன பண்ணும்னு அவங்களே பார்க்கட்டும்."