கடுவன் இமைக்காத மார்கழி

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம். குளக்கரையில் ஒரு நாவல் மரம். அதன் உச்சிக் கிளையில் கடுவன் என்ற குரங்கு காவல் இருந்தது. கீழே புள்ளிமான்கள் மேய்ந்தன. சிறுத்தை வந்தால் கடுவன் குரல் கொடுக்கும், மான்கள் ஓடிவிடும். அந்தக் குரலை நம்பித்தான் செம்பி என்ற மான், பிறந்து சில நாளே ஆன தன் குட்டியைப் புல்லில் படுக்கவைத்திருந்தது.

மார்கழி பிறந்ததும் மலையிலிருந்து வறண்ட குளிர்காற்று இறங்கியது. காட்டு நெல்லியும் காய்த்தது. குரங்குகள் நாளெல்லாம் நெல்லிக்காய் தின்றன. மான்களுக்கும் பறித்துப் போட்டன. எல்லோருக்கும் கொண்டாட்டம்.

ஒரு காலையில், கொம்பு முளைத்த இளம் மான் ஒன்று கடுவனை வம்புக்கு இழுத்தது.

"ஏனுங்க மாமா, காவல்ல இருக்கறவங்க கண்ணை மூடலாமுங்களா?"

"எப்படா மூடினேன்?"

"மூடி மூடித் திறக்கறீங்களே. அந்த நேரம் பார்த்துச் சிறுத்தை வந்தா?"

கிளைகளில் இருந்த குரங்குகள் எல்லாம் சிரித்தன. கடுவனுக்கு மானம் போனது.

"இனிமே இமைக்கவே மாட்டேன். பார்த்துக்கோ," என்றது.

அன்றிலிருந்து காற்று வரும் திசைக்கே முகத்தைக் கொடுத்து, கண்ணை அகல விரித்து உட்கார்ந்தது. முதலில் கண் எரிந்தது. பிறகு மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. நெல்லிக்காய்ச் சாறு காயாத கையாலேயே கடுவன் கண்ணைக் கசக்கியது. எரிச்சல் இன்னும் கூடியது. இன்னும் கசக்கியது.

"கண்ணு ரெண்டும் அத்திப்பழமாட்டம் சிவந்து கிடக்குது," என்றது அதன் மனைவி பூவி. "இறங்கி வாங்க. கொஞ்ச நேரம் நான் பார்க்கறேன்."

"காவல்காரன் கண்ணு சிவப்பாத்தான் இருக்கும். நீ உன் வேலையைப் பாரு."

மறுநாள் கடுவன், "சிறுத்தை!" என்று கத்தியது. மான்கள் சிதறின. செம்பியின் குட்டி கால் இடறிக் குளத்துச் சேற்றில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால், அங்கே இருந்தது வெயில் பட்ட ஒரு கறையான் புற்று.

"உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு," என்று முனகியது கடுவன்.

"புத்து எங்கேயும் எழுந்து நிக்காதுங்க மாமா," என்றது இளம் மான்.

செம்பி சிரிக்கவில்லை. குட்டியின் மேலிருந்த சேற்றை நக்கிக்கொண்டே சொன்னது. "அண்ணே, புத்து உங்களுக்குச் சிறுத்தையாத் தெரியுது. சிறுத்தை என்னவாத் தெரியுமோ? நாளைக்கு நாங்க பள்ளத்துக்கு அந்தப் பக்கம் போயிடறோம்."

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் புல்லும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. பால் குடிக்கும் குட்டியோடு அங்கே எப்படிப் பிழைப்பது? கடுவன் மெல்ல இறங்கிக் குளத்துக்குப் போனது. தண்ணீரில் ஒரு விரால் மீன் அசையாமல் நின்றது.

"நீ இமைக்கறதே இல்லையே. எப்படித் தாங்குற?" என்று கேட்டது கடுவன்.

விரால் குமிழி விட்டுச் சிரித்தது. "எனக்கு ஏதப்பா இமை? என் கண்ணு எப்பவும் தண்ணிக்குள்ள கிடக்குது. நீ காத்துல உட்கார்ந்துக்கிட்டு மீன் வேஷம் போட்டா ஆகுமா? இமைச்சாத்தான் உன் கண்ணு நனையும். முதல்ல அந்தக் கையைக் கழுவு. புளிப்பு இங்க வரைக்கும் வருது."

கடுவன் கையைக் கழுவியது. குளிர்ந்த தண்ணீரை முகத்தில் அள்ளி விட்டுக்கொண்டது. பிறகு, அதைவிடச் சிரமமான ஒன்றைச் செய்தது. செம்பியிடம் போய் நின்றது.

"என் கண்ணு சரியில்ல, செம்பி. வீம்புக்கு மறைச்சுட்டேன். தெளியற வரைக்கும் பூவி காவல் இருப்பா. போயிடாதே."

செம்பி அதை ஏற இறங்கப் பார்த்தது. "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நானும் நாலு நெல்லிக்காய் நிம்மதியாத் தின்னிருப்பேன்," என்றது. போகவில்லை.

பூவி உச்சிக் கிளைக்கு ஏறியது. கடுவன் அடர்ந்த இலைகளுக்குள் காற்றுப் படாமல் தூங்கியது. கண் அரித்தபோதெல்லாம் கையை வாலின் கீழே அழுத்தி வைத்துக்கொண்டது. சிவப்பு மெல்ல வடிந்தது. பிறகு மறுபடி காவலுக்கு ஏறி, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. இமைகள் படபடவென்று அடித்துக்கொண்டன.

அப்போது மஞ்சள் புல்லுக்குள் சில புள்ளிகள் நகர்ந்தன. மானின் புள்ளி வெள்ளை. இவை கறுப்பு.

கடுவனின் குரல் காட்டையே உலுக்கியது. மான்கள் பாய்ந்தன. எல்லோருக்கும் முன்னால் ஓடியது செம்பியின் குட்டிதான். பாய்ந்து விழுந்த சிறுத்தையின் வாயில் ஒரு கவளம் புல் மட்டும் இருந்தது.

அதைத் துப்பிவிட்டுச் சிறுத்தை அண்ணாந்து பார்த்தது. "உனக்குக் கண்ணு போச்சுன்னு கேள்விப்பட்டுத்தானேய்யா வந்தேன்?"

"போகத்தான் பார்த்துச்சு. இமைச்சு இமைச்சுப் பிடிச்சு வெச்சுட்டேன்," என்றது கடுவன்.

மரம் முழுக்கச் சிரிப்பு. குரங்குகள் எறிந்த நெல்லிக்கொட்டைகள் முதுகில் பட, சிறுத்தை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடையைக் கட்டியது.

குளிர்காற்றில் தன் கண்ணைக் காத்துக்கொள்ளாதவர் அடுத்தவருக்குக் காவல் இருக்க முடியாது.