கால் பார்க்கிற வெள்ளிக்கிழமை

உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது, மாவு விற்கப் போனால் காற்றடிக்கிறது என்பார்கள். மாவு விற்றவன் கதையை வேறு யாராவது சொல்லட்டும். இது உப்புக்காரர்கள் கதை.

கடலோரத்தில் ஓர் ஊர். ஊரைச் சுற்றி உப்புப் பாத்திகள். வெயில் இருக்கிறவரை ஊருக்கே வேலை உண்டு. ஐப்பசியில் நாலு தூற்றல் விழுந்துவிட்டால் போதும், பாத்தியெல்லாம் குளமாகிவிடும். அப்புறம் தை பிறந்து, தண்ணீர் வடிந்து, பாத்தியை மிதித்துச் சரிசெய்கிறவரை ஒருத்தருக்கும் கூலி கிடையாது. மற்ற ஊர்களில் மழை வந்தால் கும்பிடுவார்கள். இந்த ஊரில் மழை வந்தால் அடுப்பில் பூனை தூங்கும்.

அந்த ஊரில் ஒரு சின்ன மடம். மடத்தின் தலைவி மங்கையம்மாள். நாற்பது வயதுகூட ஆகாதவர். வேலையில்லாத மாதங்களில் உப்பளத்துக் குடும்பங்களுக்கு வாரந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுப்பது மடத்தின் வழக்கம். ஊரார் அதை மழைப்படி என்பார்கள்.

கோமதிநாயகம் அம்மாளின் சீடர். அம்மாளுக்கு அப்பா வயசு. தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி போனபிறகு ஞானம் தேடி மடத்துக்கு வந்தார். ஞானம் தேடி வந்தால் மட்டும் ஆபீஸ் புத்தி விட்டுவிடுமா? மழைப்படி கொடுக்கிற பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் வருவதற்கு முந்தின வருசம் ஒரு கூத்து நடந்திருந்தது. பாத்தியில் காலே வைக்காத ஒரு மளிகைக் கடைக்காரர், மழைப்படி அரிசியை வாங்கிக்கொண்டு போய்த் தன் கடையிலேயே வைத்து விற்றார். ஊரே சிரித்தது. மடத்துக்கு வந்து இதைக் கேள்விப்பட்ட நாயகத்துக்கு ஆகவில்லை.

"நான் இருக்கிறவரைக்கும் இனிமே ஒரு கள்ளன் ஒரு மணி அரிசி கொண்டுபோக முடியாது" என்றார்.

சொல்லிவிட்டார். ஆனால் யார் உப்பளத்து ஆள், யார் இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலாளிகள் கூலிக்காரர் பெயரை எங்கேயும் எழுதி வைப்பதில்லை. கங்காணியைக் கேட்டால், தனக்கு வேண்டியவர்களை மட்டும்தான் தெரியும் என்பான். நாயகம் யோசித்தார். கடைசியில் ஒரு சாட்சி கிடைத்தது. கால்.

பாத்தியில் நின்ற கால் பொய் சொல்லாது. உப்புத்தண்ணி குதிகாலைப் பிளந்துவிடும், விரலிடுக்கை அரித்துப் புண்ணாக்கிவிடும். ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் நாயகம் மடத்து முற்றத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காருவார். முன்னால் ஒரு பலகை. பேர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பலகையில் கால் வைக்க வேண்டும். நாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார். புண் இருந்தால் அரிசி உண்டு. இல்லாவிட்டால் இல்லை. கெட்டிக்காரத்தனம்தான், யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

ஆனால் கால்கள் நிறைய, கண்ணாடி ஒன்று. ஐப்பசியில் பேர் கொடுத்தவர்களுக்குக் கார்த்திகை முடிந்தும் முறை வரவில்லை. மடத்து வாசலில் முணுமுணுப்பு கிளம்பியது. யார் கேட்டாலும் நாயகம் சொன்னது ஒன்றுதான்.

"பதறாத காரியம் சிதறாது."

மார்கழி பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை செந்தூர்க்கனியின் முறை வந்தது. கிழக்கு அளத்தில் உப்பு வாருகிறவள். கடலுக்குப் போன புருசன் போனவன்தான். மகள் பிள்ளை பெற்று வீட்டில் படுத்திருந்தாள். பச்சை உடம்புக்காரிக்குக் கஞ்சி காய்ச்ச ஒரு பிடி அரிசி இல்லை. தாய் பட்டினி கிடந்தால் பிள்ளைக்குப் பால் ஏது? அக்கம்பக்கத்தில் கேட்டுக் கேட்டு இவளுக்கே வாய் கூசிவிட்டது. இந்த வெள்ளிக்கிழமையைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முன்னால் வந்தவள் அன்னத்தாய். பலகையில் கால் வைத்ததும் குதிகாலிலிருந்து ரத்தம் கசிந்தது. நாயகம் திருப்தியாகத் தலையாட்டினார். அடுத்து செந்தூர்க்கனி கால் வைத்தாள். நாயகம் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"இதென்ன, மொழுமொழுன்னு இருக்கு? பாத்தியில நின்ன காலா இது?"

"நின்ன காலுதான் ஐயா. வெவரம் தெரிஞ்ச நாளுலேர்ந்து நிக்கேன்."

"அப்ப புண்ணு எங்க?"

"ஆறிப் போயிட்டு ஐயா. மழை விழுந்து எம்புட்டு நாளாச்சு."

"முந்தி வந்தவளுக்கு ஆறலையே. உனக்கு மட்டும் எப்படி ஆறிச்சு?"

செந்தூர்க்கனி அன்னத்தாயைப் பார்த்தாள். அன்னத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன, பதிலைக் காணும்?"

"அடுத்த வெள்ளிக்கு வரட்டா ஐயா?"

"வந்து என்னத்தக் காட்டப் போறே? சரி, வா. பாப்போம்."

அவள் வெறும் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். நாயகம் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் அம்மாள் முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அது அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்காத வேலை. நாயகம் பக்கத்தில் போய்த் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க நாயகம்."

"மழைப்படி தாமதமாகுதுன்னு ஊருக்குள்ள பேசுதாங்க. குறைக்கணும்னுதான் நானும் பாக்கேன். என்ன வழிம்மா?"

"நீங்க என்ன நெனைக்கீங்க?"

"கால் பாக்க இன்னும் ரெண்டு ஆளு போடலாம். வெள்ளியோட செவ்வாயும் சேத்துக்கிடலாம். சீட்டு கொடுத்துட்டா கூட்டம் நெருக்காது."

"ஆறின கஞ்சி பழங்கஞ்சிம்பாங்க."

"அதனாலதாம்மா கேக்கேன்."

"இன்னைக்கு யாரையாவது திருப்பி அனுப்பினீங்களா?"

"ஒருத்திய. ஆபீசு கிளார்க்கு காலு மாதிரி இருக்கு, உப்பளம்னு சொல்லுதா. கள்ளி."

அம்மாள் தரையில் ஒரே இடத்தை விளக்குமாற்றால் தேய்த்துக்கொண்டிருந்தார். பலகை கிடந்த இடம் அது.

"இது என்ன கறை நாயகம்?"

"ரத்தம்மா. உப்பளத்துப் புண்ணு. வெள்ளிக்கிழமைன்னா இருக்கத்தானே செய்யும்."

"நானும் அப்படித்தான் நெனைச்சுக் கழுவிக்கிட்டு இருந்தேன்." அம்மாள் தண்ணீரைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தார். "நாளைக்கு விடிய கிழக்கு அளத்துக்கு ஒரு நடை போயிட்டு வருவோம். கூட வாங்க."

கேட்ட கேள்விக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நாயகத்துக்கு விளங்கவில்லை. ஆனாலும் சரி என்றார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் இருவரும் கிளம்பினார்கள். மழை விட்டிருந்தது. பாத்திகள் எங்கேயென்றே தெரியவில்லை, எங்கும் ஒரே தண்ணீர். வரப்பு மட்டும் வழுக்கிக்கொண்டு நீண்டது. நாயகம் செருப்பைக் கையில் எடுக்க மனசில்லாமல் தட்டுத்தடுமாறி நடந்தார்.

தூரத்தில் ஒரு மேடு. மேட்டின் மேல் நாலைந்து பெண்கள் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நாயகத்தின் கண் விரிந்தது.

"பாத்தீங்களாம்மா? வேலை இல்ல, வேலை இல்லன்னு அங்க வந்து அழுதுட்டு, இங்க கமுக்கமா வேலை நடக்கு. இன்னைக்கு வசமா மாட்டினாளுக."

"மெதுவா நாயகம்."

நாயகம் எங்கே மெதுவாகப் போகிறார்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போனார். கள்ளனைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற சந்தோஷம் அவருக்கு. மேட்டை ஏறுவதற்குள் ஒரு குரல் காதில் விழுந்தது. அன்னத்தாயின் குரல்.

"இன்னும் கொஞ்சம் ஆழமா கீறு ஏட்டி. அந்த ஐயா கண்ணாடி போட்டுல்லா பாப்பாரு."

நாயகம் நின்றுவிட்டார்.

மேட்டின் மேல் ஒரு குழி. மழைத்தண்ணீர் விழாமல் ஓலை போட்டு மூடி, அதில் பழைய உப்புத்தண்ணியைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஓலை இப்போது விலகியிருந்தது. செந்தூர்க்கனி கையில் ஒரு சிப்பி ஓடு. அதை வைத்துத் தன் குதிகாலைத் தானே கீறிக்கொண்டிருந்தாள். கீறிய காலைக் குழிக்குள் விட்டாள். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது.

"எடுத்துராத" என்றாள் அன்னத்தாய். "வச்சிரு. தினமும் வச்சாத்தான் வெள்ளிக்குள்ள பிளக்கும். நான் அழாத அழுகையா?"

அப்போதுதான் யாரோ நாயகத்தைப் பார்த்துவிட்டார்கள். எல்லோரும் எழுந்தார்கள். செந்தூர்க்கனி காலை வெடுக்கென்று எடுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். களவு செய்து பிடிபட்டவள் மாதிரி அவளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஐயா, இது பொய்யில்ல ஐயா. என் காலுதான். எப்பவும் இருக்கிற புண்ணுதான். நீங்க கூப்பிடுததுக்குள்ள ஆறிப் போயிட்டு. அதான்."

நாயகம் அந்தக் குழியைக் குனிந்து பார்த்தார்.

"வெள்ளிக்குள்ள வந்துரும் ஐயா" என்றாள் அவள். "பேரை மட்டும் அடிச்சிராதீங்க. வீட்டுல பிள்ள பெத்தவ கெடக்கா."

நாயகத்துக்கு அவமானம் தலையிலிருந்து கால்வரை ஓடியது. வருசம் முழுக்க உப்பில் நின்று வெந்த கால்கள் இந்த மழையில்தான் கொஞ்சம் ஆறுகின்றன. இவர் ஆறவிடவில்லை. உண்மையைச் சொன்னவளைக் கள்ளி என்றார். ரத்தத்தைக் காட்டினவளுக்குத் தலையாட்டினார். அத்தனை பேர் பார்க்கத் தான் செருப்புப் போட்டு நிற்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. அதைக் கழற்றி என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. அப்படியே திரும்பி, பின்னால் வந்திருந்த அம்மாளோடு இறங்கினார்.

வரப்பில் வெகுதூரம் வந்தபிறகுதான் பேசினார்.

"முன்னாலேயே சொல்லியிருக்கலாமேம்மா."

"தெரிஞ்சால்லா சொல்லுததுக்கு. நேத்து சாயங்காலம்தான் எனக்கே உறைச்சுது. பாத்தி மூழ்கி மாசமாச்சு, புண்ணு மட்டும் எப்படிப் பச்சையா இருக்குன்னு. இத்தனை வெள்ளிக்கிழமை அந்த ரத்தத்தைக் கழுவி ஊத்தினவ நான். வெக்கம் உங்களுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க."

கொஞ்சதூரம் போனதும் நாயகம் நின்றார்.

"இனிமே கால் பாக்க மாட்டேம்மா."

"சரி."

"ஆனா..." நாயகம் தயங்கினார். கேட்கக் கூடாது என்று அவருக்கே தெரிந்தது. பழக்கம் விடவில்லை. "அந்த மளிகைக் கடைக்காரரு மாதிரி ஒருத்தர் மறுபடியும் வந்து வாங்கிட்டுப் போயிட்டா?"

"போகட்டும்" என்றார் அம்மாள். "அவரு ஒருத்தரு காலாவது நல்லா இருந்துட்டுப் போகட்டும்."



மடத்துக்கு வந்ததும் நாயகமே அரிசி அறையைத் திறந்தார். முக்காலியையும் பலகையையும் தூக்கி விறகுக் கொட்டகையில் போட்டார். பேர் கொடுத்தவர்கள் எல்லோரும் இப்போதே வரலாம், கொடுக்காதவர்களும் வரலாம் என்று ஊருக்குள் சொல்லியனுப்பினார். முதலில் யாரும் நம்பவில்லை. சனிக்கிழமை ஏது படி? அப்புறம் ஒருவர் வந்தார், இருவர் வந்தார்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை வாசலைத் தாண்டிவிட்டது.

செந்தூர்க்கனி நொண்டிக்கொண்டு வந்தாள். அவள் முறை வந்தது. நாயகம் அளக்கிற மரக்காலை அரிசிக்குள் விட்டார்.

அவள் பையைக் கீழே வைத்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கி, காலை முன்னால் நீட்டினாள்.

யாரும் கேட்கவில்லை. அங்கே பலகையும் இல்லை. வெறுந்தரையில் நீட்டினாள். குதிகாலில் புதுக்காயம். அதைச் சுற்றி உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

நாயகத்தின் கையிலிருந்து மரக்கால் நழுவி அரிசிக்குள் விழுந்தது. அவர் இரண்டு கையையும் கூப்பினார். அந்த வயசில், அத்தனை பேருக்கு முன்னால், கண்ணீர் கரகரவென்று இறங்கியது.

"தாயி, நான் செஞ்சது..." என்று ஆரம்பித்தார். முடிக்காமல் மறுபடி ஆரம்பித்தார்.

செந்தூர்க்கனிக்கு ஒன்றும் புரியவில்லை. அரிசிக்குத்தான் ஏதோ தடங்கல் என்று பயந்துபோனாள்.

"ஐயா, எம்பேரு இருக்குல்லா?" என்றாள் மெல்ல.

வரிசை நின்றுபோனது. பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாயகம் கூப்பிய கையை இறக்கவில்லை. அம்மாள் பருப்பு மூட்டைப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார்.

"என்ன நாயகம்?"

"இவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்மா. கேக்காம என்னால முடியாது."

"மன்னிப்பு உங்களுக்கு வேண்டியது. அதை அப்புறம் பாத்துக்கிடுவோம்" என்றார் அம்மாள். "அவ நிக்கா. அரிசிய அளங்க."